187 தீவுகள், ஒரே கஜானா

மாலத்தீவில் அரசுச் செலவு இருபது ஆண்டுகளாக ஏறிக்கொண்டே வந்தது எப்படி? அந்தச் சுமை இப்போது யார் தலையில் இறங்குகிறது?

தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்ததும் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிகளுக்கு வேலை வந்துவிடும். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்த தொழிலாளிகள் பலகை வழியே ஏறி இறங்குகிறார்கள். வெங்காய மூட்டை, உருளைக்கிழங்குச் சிப்பம், செங்கல், ஜல்லி என்று தோணியின் அடித்தளம் நிறைகிறது. தோணியின் தலைவரான தண்டல் சரக்குக் கணக்கை இன்னொரு முறை சரிபார்க்கிறார். போகுமிடம் மாலே. கன்னியாகுமரி முனையைத் தாண்டி, மொத்தம் 700 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

மாலேயில் இறக்கிய சரக்கு அங்கேயே நின்றுவிடுவதில்லை. மாலேயின் வடக்குக் கரையில், மீன் சந்தைக்கும் காய்கறிச் சந்தைக்கும் எதிரே படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு தீவுக்குப் போவது. அரிசி மூட்டை, பால் மாவு, குழந்தைகளுக்கான டயாப்பர், சிமென்ட், சலவை இயந்திரம், மருந்துப் பெட்டி எல்லாம் ஒரே தளத்தில் அடுக்கப்படுகின்றன. பக்கத்துத் தீவுக்கூட்டம், அதாவது அட்டோல், என்றால் சில மணி நேரம். தூரத்து அட்டோல்களுக்கு ஓர் இரவு முழுக்க, சில சமயம் அதற்கும் மேல்.

படகு போய்ச் சேரும் தீவில் 600 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அங்கே ஒரு பள்ளிக்கூடம் உண்டு. சுகாதார நிலையம் உண்டு. அதில் பெரும்பாலும் வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் இருப்பார். தீவுக்கென்று தனி டீசல் ஜெனரேட்டர் கொட்டகை, பள்ளிவாசல், தீவு மன்ற அலுவலகம், துறைமுகச் சுவர், பல இடங்களில் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம். காலை எட்டு மணிக்குச் சீருடையோடு வேலைக்குக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு அல்லது அரசு நிறுவனம்.

இப்படி மக்கள் குடியிருக்கும் தீவுகள் 187. பாதிக்கு மேற்பட்ட தீவுகளில் 1,000 பேர்கூடக் கிடையாது. மொத்த நிலப்பரப்பு சுமார் 300 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பைவிடச் சிறியது. அந்த நிலம் வடக்கு தெற்காக 870 கிலோமீட்டர் நீளக் கடலில் சிதறிக் கிடக்கிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் தூரத்தைவிட அதிகம்.

2024இல் இந்த நாடு கடனைக் கட்டுமா கட்டாதா என்று உலகச் சந்தையே பேசியது. இலங்கை 2022இல் விழுந்ததைப் பார்த்தவர்கள், அடுத்தது மாலத்தீவு என்றார்கள். சீனக் கடன், இந்தியக் கடன், பாலம், விமான நிலையம் என்று விவாதம் பெரிய விஷயங்களைச் சுற்றியே ஓடியது. அவையெல்லாம் உண்மைதான். ஆனால் நாள்தோறும் நடக்கும் செலவு, அதாவது சம்பளம், மருந்து, டீசல், வாடகை ஆகியவை எப்படி இந்த அளவுக்கு வளர்ந்தன என்ற கேள்வியை யாரும் அதே அழுத்தத்தோடு கேட்கவில்லை. பொருளியலில் இதன் பெரும்பகுதிக்கு அரசு நுகர்வுச் செலவு என்று பெயர். மாலத்தீவின் அண்மைக்கால வரலாற்றைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல சாவி இல்லை.

பெட்டிச் செய்தி: எது 'நுகர்வு', எது இல்லை?

ஆசிரியர், செவிலியர், காவலர், எழுத்தர் ஆகியோரின் சம்பளம் அரசு நுகர்வில் சேரும். அரசு அலுவலகத்துக்கு வாங்கும் காகிதமும் டீசலும் சேரும். ஒரு குடிமகனின் மருத்துவமனை பில்லை அரசு நேரடியாகக் கட்டினால் அதுவும் சேரும்.

பாலம், துறைமுகம், விமான நிலையம் சேராது. அவை மூலதனச் செலவு. 65 வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் கிடைக்கும் 5,000 ருஃபியா சேராது. அந்தப் பணத்தைச் செலவழிப்பது அரசு அல்ல, முதியவரின் குடும்பம். மின்கட்டண மானியமும் கடன் வட்டியும் தனித் தலைப்புகள். பட்ஜெட்டில் இவை எல்லாமே ஒரே கஜானாவிலிருந்துதான் போகின்றன.

ஒரு ருஃபியா, நம் பணத்தில் ஐந்து ரூபாய்க்கும் மேல். அதிகாரபூர்வ விலையில் ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா.

மீன் விற்ற காலம்

1965 ஜூலை 26இல் சுதந்திரம் அடைந்தபோது மாலத்தீவு அரசு என்பது ஏறத்தாழ மாலேயோடு முடிந்துபோன ஒன்று. காய்ந்த சூரை மீனை இலங்கைக்கு விற்பதுதான் பிழைப்பு. இலங்கைச் சமையலறைகளில் இன்றும் அதற்கு மாசி என்று பெயர். 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை வாங்குவதைக் குறைத்ததும் அந்தச் சந்தை சரிந்தது. அதே வேளையில், 1972இல், குரும்பா தீவில் முதல் ரிசார்ட் திறக்கப்பட்டது. அரசு நவீனப் பள்ளிக்கூடங்களை மாலேக்கு வெளியே கட்டத் தொடங்கியதே 1970களின் கடைசியில்தான். இந்தியாவின் உதவியோடு மாலேயில் இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை திறந்தது 1995இல்.

அதாவது ஒரு தலைமுறைக்குள், எதுவுமே இல்லாத தீவுகளுக்குப் பள்ளியும் மருத்துவரும் மின்சாரமும் போய்ச் சேர்ந்தன. எழுத்தறிவும் ஆயுளும் உயர்ந்தன. அந்தச் சாதனையை மறந்துவிட்டு இந்தச் செலவைப் பற்றிப் பேசுவது நியாயமாக இருக்காது. தெற்காசியாவில் இவ்வளவு சிதறிக் கிடக்கும் மக்களுக்கு இவ்வளவு அடிப்படை வசதியைக் கொண்டுசேர்த்த அரசு வேறொன்று இல்லை.

ஆறு நாள் இடைவெளி

2004 டிசம்பர் 20. மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து மாலத்தீவை விடுவிப்பது என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது. ஆறே நாளில் சுனாமி. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். சேதத்தின் மதிப்பு 47 கோடி டாலர். ஆண்டு உற்பத்தியில் 62 சதவீதம். பட்டியலிலிருந்து விடுபடுவது 2011 ஜனவரி 1க்குத் தள்ளிப்போனது.

சீரமைப்புப் பணிக்கு வெளிநாட்டு உதவி வந்தது. அரசும் தாராளமாகச் செலவழித்தது. வேலை முடிந்த பிறகு செலவு பழைய அளவுக்கு இறங்கவில்லை. அந்த ஆண்டுகளில்தான் அரசியலும் கொதித்துக்கொண்டிருந்தது. 30 ஆண்டு ஆண்ட மௌமூன் அப்துல் கயூம் பலகட்சித் தேர்தலுக்கு இணங்கியாக வேண்டிய நிலை. தேர்தல் நெருங்க நெருங்க அரசு ஊழியர் சம்பளமும் படிகளும் உயர்ந்தன. 2004க்கும் 2009க்கும் இடையே சம்பளச் செலவு பல மடங்கு பெருத்தது. மாலத்தீவின் அரசுச் செலவு வரலாற்றில் திருப்புமுனை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், சுனாமியைவிட இந்தச் சம்பள உயர்வைத்தான் சொல்ல வேண்டும். சுனாமிச் செலவு ஒருமுறை வந்து போனது. சம்பளம் ஒவ்வொரு மாதமும் வரும்.

2008இல் வந்த புதிய அரசமைப்பு, தேர்தல் ஆணையம், ஊழல் தடுப்பு ஆணையம், மனித உரிமை ஆணையம், நீதித்துறை ஆணையம் என்று ஒரு முழு ஜனநாயகத்துக்கு வேண்டிய அமைப்புகளை உருவாக்கியது. 2010இல் அதிகாரப் பரவல் சட்டம். 2011 பிப்ரவரித் தேர்தலில் தீவு மன்றங்களுக்கும் அட்டோல் மன்றங்களுக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். எல்லோருக்கும் மாதச் சம்பளம். நாடாளுமன்றமான மஜ்லிஸில் 2009இல் 77 இடங்கள், 2024இல் 93. நாட்டின் மொத்த வாக்காளர்களோ 2.85 லட்சம் பேர். தமிழ்நாட்டில் ஒரு சராசரி சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

ஜனநாயகத்துக்கு விலை உண்டு, அந்த விலையைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் ஒவ்வொரு பதவிக்கும் எவ்வளவு சம்பளம், எத்தனை பதவி என்பதை அந்தப் பதவியில் அமரப் போகிறவர்களே தீர்மானித்தார்கள். கேள்வி கேட்க ஆளில்லை.

வெட்டினார், ஒட்டினார்கள்

2008 அக்டோபரில் கயூமைத் தோற்கடித்து அதிபரான முகமது நஷீதுக்குக் கிடைத்தது, துண்டு விழும் பட்ஜெட்தான். உலகப் பொருளாதாரம் அப்போது சரிந்துகொண்டிருந்தது, சுற்றுலாவும் தளர்ந்தது. 2009 டிசம்பரில் சர்வதேச நாணய நிதியம் 9.25 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதற்கு முன்பே, அக்டோபரில், அரசு ஊழியர் சம்பளத்தில் வெட்டு விழுந்திருந்தது.

குடிமைப் பணி ஆணையம் எதிர்த்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது; நிதியமைச்சகத்துக்கு இந்த அதிகாரம் இல்லை என்ற தீர்ப்பு வந்தது. நாணய நிதியத்தின் திட்டம் தடம்புரண்டது. 2012இல் நஷீத் பதவியிழந்த பிறகு வந்த அரசு, பிடித்த தொகையைத் தவணைகளில் திருப்பித் தரத் தொடங்கியது. ஒரு முறை ஏற்றிய சம்பளத்தை இறக்க முயன்றால் என்ன நடக்கும் என்பதை அதன் பின் வந்த எல்லா அதிபர்களும் இதிலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

நஷீத் காலத்தில் நிலைத்த மாற்றம் வேறொன்று: வரி. அதுவரை படுக்கைக்கு இத்தனை டாலர் என்று வசூலித்துவந்த அரசு, 2011இல் சுற்றுலாச் சரக்கு சேவை வரியைக் கொண்டுவந்தது. அந்த வரிதான் இன்று கஜானாவின் தூண்.

பெட்டிச் செய்தி: வரி ஏறிய படிகள்

சுற்றுலாச் சரக்கு சேவை வரி:
2011 ஜனவரி: 3.5 சதவீதம்
2012: 6
2013: 8
2014 நவம்பர்: 12
2023 ஜனவரி: 16
2025 ஜூலை: 17

ரிசார்ட்டில் தங்கும் பயணி ஓர் இரவுக்குக் கட்டும் பசுமை வரி 2025 ஜனவரியில் 6 டாலரிலிருந்து 12 டாலராக உயர்ந்தது. 2024இல் வந்த பயணிகள் 20 லட்சத்துக்கும் மேல்.

படிப்படியாக வரி ஏறியது. வருமானமும் ஏறியது. அப்படியும் பற்றாக்குறை தீரவில்லை. ஒவ்வொரு வரி உயர்வும் வருவதற்கு முன்பே அதைச் செலவழிக்கும் வாக்குறுதி வந்துவிட்டது.

ஆசந்தா: விட முடியாத செலவு

2012 ஜனவரி 1இல் தொடங்கிய ஆசந்தா திட்டம் மாலத்தீவுக் குடிமக்கள் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு தந்தது. ஆண்டுக்கு ஒருவருக்கு ஒரு லட்சம் ருஃபியா வரை. தொடங்கிய வாரங்களிலேயே எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் மருத்துவமனைகளில் குவிந்தது. 2014இல் அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது.

ஒரு நோயாளியைப் பின்தொடர்ந்தால் செலவு எப்படிக் கூடுகிறது என்பது தெரியும். சிறிய தீவில் ஒருவருக்கு நெஞ்சுவலி. சுகாதார நிலைய மருத்துவர் பார்த்துவிட்டு அட்டோல் மருத்துவமனைக்கு அனுப்புகிறார். அதற்கு ஒரு விரைவுப் படகு. அங்கிருந்து மாலேக்கு விமானம். உடன் ஒருவர் போகாமல் முடியாது; அவருக்கும் டிக்கெட். மாலேயில் முடியாத சிகிச்சை என்றால் கொழும்பு, திருவனந்தபுரம், பெங்களூரு. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் அரை மணி நேரத்தில் முடித்துவிடும் வேலைக்கு அங்கே கடல், வானம், சில சமயம் இன்னொரு நாடு தேவைப்படுகிறது.

தலசீமியா இன்னும் கனமான கணக்கு. இந்த ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள் உலகிலேயே மிக அதிக விகிதத்தில் இருக்கும் நாடுகளில் மாலத்தீவும் ஒன்று. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். தாய், தந்தை இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நோய் வந்த பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க. ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற இன்னொரு மருந்து, அதுவும் வாழ்நாள் முழுக்க. மருந்தை நிறுத்தினால் அந்த இரும்பு இதயத்தையும் கல்லீரலையும் அழித்துவிடும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு வெளிநாடு போயாக வேண்டும்.

இதையெல்லாம் தேசியக் கணக்கில் 'அரசு நுகர்வு' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த வரியைப் பார்த்து 'வீண் செலவு' என்று சொல்கிறவர்கள், ரத்தப் பையோடு படுத்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளையையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

அதற்காக ஆசந்தாவில் ஒழுகல் இல்லை என்று அர்த்தமில்லை. பல ஆண்டுகளாக மருந்துகளைத் தனியார் இறக்குமதி செய்தார்கள், தனியார் மருந்துக்கடைகள் விற்றன, பில் மட்டும் அரசுக்குப் போனது. விலையைக் குறைக்க வாங்குபவருக்கும் அக்கறையில்லை, விற்பவருக்கும் அக்கறையில்லை. அரசு வர்த்தக நிறுவனம் மூலம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்யும் ஏற்பாடு அண்மையில்தான் வேகமெடுத்தது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களின் நடுவிலேயே செய்துகாட்டிய வேலை இது. மாலே பத்தாண்டு முன்பே இந்தப் பாதைக்கு வந்திருந்தால், எந்த நோயாளியின் சிகிச்சையிலும் கை வைக்காமல் பெருந்தொகை மிஞ்சியிருக்கும்.

228 பேர், 57 லட்சம்

2024 அக்டோபரில் அதிபர் முகமது முயிசு 228 அரசியல் நியமனதாரர்களை வீட்டுக்கு அனுப்பினார். 7 இணையமைச்சர்கள், 43 துணை அமைச்சர்கள், 109 மூத்த அரசியல் இயக்குநர்கள், 69 அரசியல் இயக்குநர்கள். மாதம் 57 லட்சம் ருஃபியா மிச்சம் என்று அறிவிப்பு சொன்னது. தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதாகவும் அவர் அறிவித்தார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டால், ஆண்டுக்கு ஏறக்குறைய 6.8 கோடி ருஃபியா. அந்த ஆண்டின் பட்ஜெட் 4,980 கோடி. மிச்சம், ஆயிரத்துக்கு ஒன்றரை ருஃபியாவைக்கூடத் தொடவில்லை. ஆட்சிக்கு வந்த ஓராண்டுக்குள் 228 பேரை இப்படிப் பதவிகளில் அமர்த்தியிருந்தார்கள் என்பதுதான் அந்த அறிவிப்பிலிருந்து தெரியவந்த பெரிய செய்தி.

பெரிய தொகை இருப்பது வேறிடத்தில். வேலை பார்க்கும் மாலத்தீவுக் குடிமக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் அரசிடமோ அரசு நிறுவனங்களிடமோ சம்பளம் வாங்குகிறார்கள். மின்சாரம், குடிநீர், கட்டுமானம், போக்குவரத்து, மீன், வீட்டுவசதி என்று அரசு நிறுவனங்கள் மட்டும் 30க்கும் மேல். தேர்தல் ஆண்டுகளில் இவற்றின் ஆள்சேர்ப்பு எகிறும் என்பது மாலேயில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ரிசார்ட்டுகளில் வேலை இருக்கிறது. ஆனால் அங்கே வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து இன்னொரு தீவில் இருக்க வேண்டும். பெண்களுக்கு இது இன்னும் கடினம். சொந்தத் தீவிலேயே, மாலையில் வீடு திரும்பும்படியான வேலை என்றால் அது அரசு வேலைதான். கொள்கை வகுப்பவர்கள் ஊழியர் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லும்போது, இந்த எளிய உண்மையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ருஃபியாவில் சம்பளம், டாலரில் சாப்பாடு

2020 மார்ச் 27இல் மாலத்தீவு எல்லையை மூடியது. 2019இல் 17 லட்சம் பயணிகள் வந்த நாட்டுக்கு 2020இல் வந்தவர்கள் 5.55 லட்சம். உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. சம்பளமும் ஆசந்தாவும் நிற்க முடியாதே? நிதிப் பொறுப்புச் சட்டத்தின் கட்டுப்பாடுகளை நிறுத்திவைத்துவிட்டு, அரசு மத்திய வங்கியிடம் மிகைப்பற்று எடுத்தது. எளிய பேச்சில் சொன்னால், நோட்டு அடித்தது.

உள்நாட்டில் நெல்லோ கோதுமையோ விளையும் நாடாக இருந்தால் இதன் விளைவு விலைவாசியோடு நின்றிருக்கும். மாலத்தீவில் தேங்காயும் மீனும் தவிர ஏறத்தாழ எல்லாமே இறக்குமதி. ஆசிரியரின் சம்பளம் ருஃபியாவில் வருகிறது. அவர் வாங்கும் அரிசி, முட்டை, பெட்ரோல், பள்ளிப் பை எல்லாவற்றுக்கும் வணிகர் டாலர் கட்ட வேண்டும். அரசு கூடுதலாகச் செலவழிக்கும் ஒவ்வொரு ருஃபியாவும் சில வாரங்களில் டாலர் தேடி வங்கி வாசலில் வந்து நிற்கிறது. வங்கியில் டாலர் கிடைக்காதபோது வெளிச்சந்தை. அதிகாரபூர்வ விலை 15.42ஆக இருக்க, வெளியே 18, 19 என்று போனது.

2021இல் 50 கோடி டாலருக்கு சுகுக் எனும் இஸ்லாமியக் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன; வட்டி 9.875 சதவீதம், முதிர்வு 2026 ஏப்ரல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் வட்டி மட்டும் ஏறக்குறைய 2.5 கோடி டாலர். 2024இல் நாட்டின் டாலர் கையிருப்பு கரைந்தது. கடன் தரமதிப்பீட்டு நிறுவனங்களான ஃபிட்ச், மூடிஸ் இரண்டுமே தரமதிப்பைக் குறைத்தன.

2024 ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை. நாட்டின் பெரிய வங்கியான பாங்க் ஆஃப் மால்டீவ்ஸ், ருஃபியா டெபிட் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நிறுத்துவதாக அறிவித்தது. கிரெடிட் அட்டைக்கு மாதம் 100 டாலர் வரம்பு. மலேசியாவில் படிக்கும் மகனுக்கும், கேரள மருத்துவமனையில் இருக்கும் தாய்க்கும் அந்த அட்டைதான் கைச்செலவு. எதிர்ப்பு கிளம்பியதும், மத்திய வங்கியின் உத்தரவால் அன்றைக்கே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. சில மணி நேரம்தான். ஆனால் பட்ஜெட் பற்றாக்குறை என்ற சொல் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

அதன் பிறகு ரிசார்ட்டுகள் தங்கள் டாலர் வருமானத்தில் ஒரு பகுதியை உள்ளூர் வங்கிகளில் மாற்றியே ஆக வேண்டும் என்று விதி வந்தது. 2025 ஜனவரியில் அது சட்டமானது.

பெட்டிச் செய்தி: பக்கத்து வீட்டுக் கை

1981 வர்த்தக ஒப்பந்தத்தின்படி, இந்தியா அத்தியாவசியப் பொருள்களை மாலத்தீவுக்கு ஒதுக்கீடாகத் தருகிறது. உள்நாட்டில் ஏற்றுமதித் தடை இருந்தாலும் இந்த ஒதுக்கீடு தொடரும். 2024-25க்கு அனுமதித்த அளவு: அரிசி 1.24 லட்சம் டன், வெங்காயம் 35,749 டன், முட்டை ஏறக்குறைய 43 கோடி, ஆற்றுமணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன். இந்தச் சரக்கு போகும் துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று.

2024 அக்டோபரில் 40 கோடி டாலருக்கும் 3,000 கோடி ரூபாய்க்கும் நாணயப் பரிமாற்ற ஏற்பாடு. 2025 ஜூலையில் 4,850 கோடி ரூபாய் கடன் வசதி.

தீவை மாற்றலாமா?

187 இடங்களில் பள்ளியும் ஜெனரேட்டரும் நடத்துவதைவிட மக்களைப் பெரிய தீவுகளுக்குக் கொண்டுவந்தால் என்ன? இந்த யோசனை கயூம் காலத்திலிருந்தே உண்டு. சுனாமியில் அழிந்த கந்தொல்ஹுதூ தீவின் மக்கள் சுமார் 4,000 பேர், அதே ரா அட்டோலில் ஆளில்லாமல் இருந்த துவாஃபரு தீவுக்குக் குடியேறினார்கள். செஞ்சிலுவைச் சங்கம் வீடுகளைக் கட்டித் தந்தது. 2008 டிசம்பரில் குடியேற்றம் முடிய நான்கு ஆண்டு ஆனது. அதுவரை தற்காலிகக் கூடாரங்களும் கொட்டகைகளும். பேரழிவு வந்து, வெளிநாட்டுப் பணமும் வந்து, மக்களும் சம்மதித்தபோதே இவ்வளவு காலம். நல்ல நிலையில் இருக்கும் ஊரைக் காலி செய்யச் சொன்னால்?

இதற்கிடையில் மக்கள் தாமாகவே நகர்ந்துவிட்டார்கள். மக்கள்தொகையில் பத்தில் நான்கு பேர் இப்போது மாலே பகுதியில். நல்ல பள்ளிக்காகவும் மருத்துவமனைக்காகவும் வந்தவர்கள், சம்பளத்தில் பெரும்பகுதியை வாடகைக்குக் கொடுத்துவிட்டு ஓர் அறையில் ஐந்து பேராகப் படுக்கிறார்கள். தீவுகளில் செலவைக் குறைத்தால் இந்த நெருக்கடி கூடும். மாலேயில் வீடு கட்ட, நிலம் தூர்க்க அரசு அதைவிட அதிகம் செலவழிக்க வேண்டிவரும். ஆகவே சிக்கனத்தைச் சின்னத் தீவின் சுகாதார நிலையத்திலிருந்து தொடங்குவது மனிதாபிமானத்துக்கும் ஒவ்வாது, கணக்குக்கும் ஒவ்வாது.

வேறு வழியில் மீண்ட நாடு ஒன்று அதே பெருங்கடலில் உண்டு. சீஷெல்ஸ் 2008 அக்டோபரில் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. நாணய மதிப்பைச் சந்தையிடம் விட்டது. எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்த மானியங்களை நிறுத்தி, தேவைப்படுவோருக்கு நேரடி உதவி தந்தது. அரசு ஊழியர்கள் தாமாக விலகுவதற்கு ஊக்கத்தொகை கொடுத்தது. கடன் கொடுத்த பாரிஸ் கிளப் நாடுகள் தங்கள் கடனில் 45 சதவீதத்தைத் தள்ளுபடி செய்தன. அந்த ஆண்டு விலைவாசி மக்களை வாட்டியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் இலவச மருத்துவமும் பள்ளியும் தப்பின.

மாலத்தீவிலும் முதலில் மாற்ற வேண்டியது, மின்சாரத்துக்கும் எரிபொருளுக்கும் தரும் பொது மானியம். மாலேயில் மூன்று ஏ.சி. ஓடும் வீட்டுக்கும், கடைசித் தீவில் இரண்டு மின்விசிறி ஓடும் வீட்டுக்கும் யூனிட்டுக்கு மானியம் உண்டு. அதிகம் எரிப்பவர் அதிகம் பெறுகிறார். இதைக் குடும்பவாரியான உதவியாக மாற்றுவதாக 2024இல் சொன்ன அரசு பிறகு தள்ளிவைத்தது. மானியம் போய்விடும், உதவி வந்து சேராது என்று மக்கள் அஞ்சுகிறார்கள். உதவித்தொகையை முதல் மூன்று மாதம் முன்கூட்டியே வீடுகளின் கணக்கில் போட்டுவிட்டு அதன் பிறகு கட்டணத்தை மாற்றினால் அந்த அச்சம் பாதியாகும். அதற்குப் பணத்தைவிட முதலில் தேவைப்படுவது, யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற துல்லியமான பதிவேடு. அந்த வேலையை இன்றைக்கே தொடங்கலாம்.

இன்னொரு வேலையும் நிலுவையில் இருக்கிறது. மாலத்தீவு நிதியமைச்சகம் வாராவாரம் வரவு செலவை வெளியிடுகிறது. சம்பளம் எவ்வளவு, ஆசந்தா எவ்வளவு, மானியம் எவ்வளவு என்று யாரும் பார்க்கலாம். பல பெரிய நாடுகளில் இந்த வசதி கிடையாது. ஆனால் அரசு நிறுவனங்கள் கொடுக்கும் சம்பளம் அந்தப் பட்டியலில் வராது; நிறுவனங்களுக்குக் கொடுத்த மானியமாகவோ, போட்ட மூலதனமாகவோதான் தெரியும். எந்த நிறுவனத்தில் எத்தனை பேர், எந்த மாதம் எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், அவர்களுக்கு என்ன வேலை என்ற விவரம் அதே வாராந்தர அறிக்கையில் இடம்பெறும்வரை, 2025க்கு 5,660 கோடி ருஃபியா என்று மஜ்லிஸ் நிறைவேற்றிய பட்ஜெட் நாட்டின் முழுச் சம்பளப் பட்டியலையும் காட்டாது. அந்த ஒரு பத்தியைச் சேர்க்க எந்தக் கடன் கொடுத்தவரின் அனுமதியும் தேவையில்லை. நிதியமைச்சரின் ஒரு கையெழுத்து போதும்.